மவுண்ட் ரோட்டுக் கட்டடங்களும் சுண்ணாம்பு இடித்த கைகளும்

(வெள்ளிமலையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நகரமும் ஒடுக்கப்பட்டோரும் என்று பேசச் சொன்னார்கள். நகரம் பெரிசு. நான் ஒரே ஒரு ரோட்டை மட்டும் எடுத்துக்கிறேன். சென்னையில் மவுண்ட் ரோடு. அண்ணா மறைந்த பிறகு அண்ணா சாலை என்று பேர் மாற்றினார்கள், ஆனாலும் ஜனங்க வாயில் இன்னும் மவுண்ட் ரோடுதான். கல்வராயன் மலை மேல ஏறி வந்து மவுண்ட் ரோட்டைப் பற்றி என்னத்துக்குப் பேசணும் என்று கேட்பீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்களில் பல பேர் படிக்க, வேலை தேட அந்த ரோட்டுக்குத்தான் போகப்போறீங்க. உங்க சொந்தக்காரங்க கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த ரோட்டில் முதல் நாள் இறங்கி நிற்கும்போது தலையை நிமிர்த்திப் பார்த்தால் ஒரு மிரட்டல் இருக்கும். "இது உன் இடம் இல்லை" என்று கட்டடங்களே சொல்கிற மாதிரி இருக்கும். அந்த மிரட்டலை உடைக்கணும். அதுக்காகத்தான் இந்தப் பேச்சு.

மவுண்ட் ரோட்டின் அழகைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இங்கிலீஷ் பத்திரிகைகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும். நானும் அந்த அழகை மறுக்க வரவில்லை. கோட்டையிலிருந்து கிளம்பி பரங்கிமலை வரைக்கும் போகிற ரோடு இது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726ல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வியாபாரி. பாலத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள் வந்தன. பிறகு கடைகள் வந்தன. 1863ல் தொடங்கிய ஸ்பென்சர் கம்பெனி, 1895ல் செங்கல் சிவப்பில் கூம்பும் கோபுரமுமாக ஒரு மாளிகையே கட்டிக்கொண்டது. 1983ல் தீப்பிடித்துப் போனது. இப்போது நிற்கிற பிளாசா அதே இடத்தில் பின்னால் கட்டியது. கடிகாரக் கடையான பி.ஆர் அண்ட் சன்ஸ் கட்டடம் 1870களில் சிஷோம் என்கிற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்தது. 1844ல் ஆரம்பித்த ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக்கடை 1904ல் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது. கறுப்பு வெள்ளைத் தரை, உயரமான கூரை, உள்ளே போனால் வெயில் காலத்திலும் குளிர்ச்சி. ஸ்மித் என்கிற மருந்துக் கம்பெனிக்காரன் 1897ல் கட்டிய கார்டில் கட்டடம், பிறகு பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் ஆனது. வளைவு, மாடம், மினார் என்று இந்தோ சாரசனிக் பாணியில் கட்டியது.

இந்தப் பட்டியலைக் கவனிச்சீங்களா? கம்பெனி முதலாளி பேர் இருக்கு. வரைபடம் போட்டவன் பேர் இருக்கு. சில இடத்தில் ஒப்பந்தக்காரர் பேரும் இருக்கு. சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி என்று வரலாறு சொல்கிறது. அதுக்குக் கீழே வரலாறு வாயைத் திறக்காது. கொத்தனார் யார்? சித்தாள் யார்? மண் பிசைந்தது யார்? அங்கே ஒரு எழுத்துகூடக் கிடையாது.

எங்க ஆயா சித்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சேரியிலிருந்து பிழைக்கப் போனவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பழைய வீட்டின் கூரையைத் தொட்டுப் பார்த்தே எத்தனை நாள் இடித்த தளம் என்று சொல்லுவாள். "மெட்ராஸ் டெரஸ்" என்று கட்டடக்கலைப் புத்தகங்களில் பெருமையாகப் போடுகிறார்களே, அந்தத் தளத்தை எங்க ஆயா எனக்கு விளக்கினதை இங்கே சொல்கிறேன். பர்மாத் தேக்கு உத்தரம் போட்டு, அதன் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கல்லைச் சாய்வாகச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பிறகுதான் பெண்கள் வேலை. வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அடிக்கணும். ஒரு நாள் இல்லை, நாள் கணக்காக. கட்டை பட்டு எகிறணும், தளம் கல் மாதிரி ஆகணும், அதுவரைக்கும் அடி. தாளம் தப்பக்கூடாது என்பதற்காகப் பாடிக்கொண்டே அடிப்பார்கள். நடு நடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணியைத் தெளிப்பார்கள்.

கடுக்காய் என்றதும் சில பேர் சிரிக்கிறீங்க. ஆமாம், உங்க மலையில் நீங்க பொறுக்கிக் கீழே இறக்குகிற அதே கடுக்காய்தான். இந்த மாதிரி மலைகளிலிருந்து இறங்கிய கடுக்காய்த் தண்ணியைக் குடிச்சுத்தான் பட்டணத்துச் சுண்ணாம்பு இறுகியது. மவுண்ட் ரோட்டுக்கும் வெள்ளிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சாந்துக்குள்ளேயே சம்பந்தம் இருக்கு.

சுவர்ப் பூச்சும் அப்படித்தான். சென்னைச் சுண்ணாம்பு சலவைக்கல் மாதிரி மின்னும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரப் பயணிகள் வாயைப் பிளந்தார்கள். கடலோரத்திலும் உப்பங்கழியிலும் கிளிஞ்சல் பொறுக்கி, காளவாயில் சுட்டு, நீற்றி, வட்டப் பள்ளத்தில் மாடு பூட்டி அரைத்து, தயிர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற பளபளப்பு அது. தேய்த்தவர் கையில் தோல் இருக்காது. சுண்ணாம்பு தின்றுவிடும். இவ்வளவு நுட்பத்துக்கு என்ன பேர்? வெள்ளைக்காரன் பேப்பரில் போட்ட கோட்டுக்குக் "கலை" என்று பேர். நம் ஜனங்கள் கையில் இருந்ததற்குக் "கூலி வேலை" என்று பேர். கையால் செய்கிறவன் கீழே, சொல்கிறவன் மேலே என்கிற இந்தப் பாகுபாட்டை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவரவில்லை. அது இங்கேயே தயாராக இருந்த வருணாசிரமச் சரக்கு. வந்தவனுக்கு அது வசதியாகப் போச்சு.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்கணும். சிஷோம் சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸ் கட்டியது 1870களில். அதே பத்தாண்டில்தான் தாது வருஷப் பஞ்சம், 1876லிருந்து 78 வரை. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கத் தர்பார் நடக்கிறது. சென்னை மாகாணத்தில் ஜனங்கள் பிணமாக விழுகிறார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். "டெம்பிள் கூலி" என்றே அதற்குப் பேர். அந்தப் பஞ்சக் கூலிகள் தோண்டியதுதான் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்த் துண்டு. ஒரு பக்கம் மணிக்கூண்டும் மாடமும் எழும்புது. இன்னொரு பக்கம் ஒரு பவுண்டு தானியத்துக்கு மண் வெட்டறாங்க. ஒரே ஊர், ஒரே காலம். பாரம்பரியக் கட்டடம் பற்றி எழுதுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் எழுதுகிறார்கள்.

இப்போது ரோட்டின் தலைமாட்டுக்குப் போவோம். தீவுத்திடல் அருகே குதிரை மேல் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் தாமஸ் மன்றோ. லண்டனில் சான்ட்ரி என்ற சிற்பி வார்த்து, 1839ல் நிறுத்தினார்கள். சேணம் இல்லை, அங்கவடி இல்லை என்று எல்லாரும் குதிரையைப் பற்றியே பேசுவார்கள். நாம் குதிரை மேல் இருப்பவரைப் பற்றிப் பேசுவோம். 1820லிருந்து 1827ல் சாகும்வரை சென்னை கவர்னர். ரயத்துவாரி முறையை மாகாணத்தில் நிலைநிறுத்தியவர். ரயத்து என்றால் யார்? கணக்கில் பேர் ஏறியவன். பட்டா அவனுக்கு. சேற்றில் இறங்கி நட்ட பறையருக்கும் பள்ளருக்கும் அந்தக் கணக்கில் இடம் கிடையாது. அந்தச் சிலையை நிறுத்திய 1839ல் பண்ணையடிமை முறைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தது. அதை விலக்கிய சட்டம் 1843ல்தான் வந்தது. நில உரிமையே இல்லை என்று அரசாங்கக் காகிதத்தில் ஒருவர் உரக்கச் சொல்ல 1891 வரை ஆனது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை அது. அதன் பேரில்தான் 1892ல் பஞ்சமி நில ஆணை. இயக்கங்கள் சொல்கிற கணக்கு 12 லட்சம் ஏக்கர். அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களைக் கொன்றார்கள். மன்றோவுக்குச் சிலை உண்டு. ஜான் தாமசுக்கும் ஏழுமலைக்கும் அந்த ரோட்டில் ஒரு கல் உண்டா?

மலைக்கு வருவோம். மன்றோவின் ரயத்துவாரிகூட இந்த மலைக்கு ஏறவில்லை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களாகப் பிரித்து ஆண்டார்கள். சுதந்திரம் வந்து, குடியரசு வந்து, ஜமீன்தாரி ஒழிப்பும் வந்த பிறகும் ஜாகீர் தொடர்ந்தது. 1976ல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இதை உங்க வீட்டுப் பெரியவங்க என்னைவிட நல்லாச் சொல்லுவாங்க. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் 1959ல் திறந்தபோது, பதினாலு மாடி, இந்தியாவிலேயே உயரம் என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. அந்த நாளில் இந்த மலையில் ஜாகீர் ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது. நவீனம் என்பது எல்லாருக்கும் ஒரே நாளில் விடிகிற பொழுது இல்லை.

ஆனால் தோழர்களே, ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்த ரோடு முழுக்க எதிரியின் ரோடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஆட்கள் ஏன் பட்டணத்துக்கு ஓடினார்கள்? கிராமத்தில் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது, தோளில் துண்டு போட முடியாது. கிராமம் பற்றி அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அண்ணல் அம்பேத்கர் வைத்த குற்றச்சாட்டை நீங்க படிச்சிருப்பீங்க. மவுண்ட் ரோட்டில் யாரும் "எந்தத் தெரு ஆள்?" என்று கேட்டு நிறுத்தவில்லை. பட்லராக, குதிரைக்காரராக, சிப்பாயாக, அச்சுக்கூடத் தொழிலாளியாக நம் ஜனங்கள் அந்த ரோட்டில் நிமிர்ந்து நடந்தார்கள். சுரண்டல் இருந்தது. அதோடு மூச்சுவிட ஒரு இடுக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அந்த இடுக்கிலிருந்துதான் நம் அரசியல் பிறந்தது. மவுண்ட் ரோட்டிலிருந்து கொஞ்சதூரம் திரும்பினால் ராயப்பேட்டை. அங்கிருந்துதான் 1907 ஜூன் 19ல் அயோத்திதாசப் பண்டிதர் "ஒரு பைசாத் தமிழன்" இதழைக் கொண்டுவந்தார். சாக்கைய பௌத்த சங்கம் இயங்கியதும் அங்கேதான். இரட்டைமலை சீனிவாசன் 1893ல் "பறையன்" என்ற பேரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பேரைச் சொல்லிக் கேவலப்படுத்தினார்களோ அந்தப் பேரையே தலைப்பில் போட்டார். அந்த வருஷமே ராயப்பேட்டை வெஸ்லியன் மண்டபத்தில் கூட்டம் போட்டு, மூவாயிரத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி லண்டன் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார்.

தெரு பற்றிப் பேசும்போது அவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1924ல் சென்னை சட்டசபையில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் ஒடுக்கப்பட்டோர் நடக்கலாம், பொதுக் கிணறு, குளத்தைப் பயன்படுத்தலாம், அரசாங்க அலுவலகங்களுக்குள் போகலாம் என்று. தீர்மானம் நிறைவேறி அந்த வருஷமே அரசாணையும் வந்தது. நடப்பதற்கே சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை யோசிங்க. கட்டடக்கலைப் புத்தகம் "தெருவின் அழகு" என்று எழுதும். நம் வரலாற்றில் தெரு என்பது முதலில் அனுமதி. அழகெல்லாம் பிறகுதான்.

அதே மவுண்ட் ரோட்டில் 1927ல் இன்னொரு போராட்டமும் நடந்தது. 1857ல் கொலைவெறி ஆடிய கர்னல் நீல் சிலையை எடு என்று சத்தியாக்கிரகம். 1937ல் காங்கிரஸ் மந்திரிசபை வந்ததும் சிலையைப் பெயர்த்து மியூசியத்துக்கு அனுப்பினார்கள். அதனால் எந்தச் சிலையும், எந்தக் கட்டடமும் சாசுவதம் இல்லை. ரோட்டில் யார் நிற்கலாம் என்பதை எப்போதும் அரசியல்தான் தீர்மானிக்கிறது.

இன்றைக்கு என்ன நிலைமை? பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006ல் இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010ல் உயர்நீதிமன்றம் இடிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பி.ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்தின் பின்பகுதியை மெட்ரோ ரயில் வேலைக்காக இடித்தபோதும் பெரிய சத்தம் கேட்டது. பாரம்பரியம் காக்க 2012ல் சட்டமும் போட்டார்கள். நல்லது.

இப்போது இன்னொரு இடிப்பைச் சொல்கிறேன். மன்றோ சிலைக்குக் கூப்பிடு தூரத்தில், தீவுத்திடலை ஒட்டிக் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர். சத்தியவாணி முத்து யார் என்று மாணவர்களுக்குத் தெரியணும். தி.மு.க. மந்திரிசபையில் இருந்த தலித் பெண் தலைவர். 1974ல் கட்சியைவிட்டு வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர். அவர் பேர் கொண்ட அந்தக் குடியிருப்பை 2019 டிசம்பரில் இடித்தார்கள். பள்ளிக்கூடம் நடுவருஷத்தில் இருந்தது. ஜனங்களை நகரத்தின் தென்கோடியில் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்கு முன்னால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி. எல்லாம் ஒரே கதைதான். வேலை இங்கே, வீடு அங்கே. வீட்டு வேலை செய்கிற பெண் அங்கேயிருந்து பஸ் பிடித்து வந்து போகணும்.

நூறு வருஷச் சுவருக்கு நீதிமன்றம் தடை கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஜனங்களுக்கு ஜே.சி.பி. கிடைத்தது. சுவரைக் காப்பாற்றாதே என்று நான் சொல்லவில்லை. சுவரைப் பாரம்பரியம் என்கிறாயே, அந்தச் சுவரைக் கட்டிய, கூட்டிய, கழுவிய சனத்தின் குடியிருப்பு மட்டும் எப்படி ஆக்கிரமிப்பு ஆனது என்று கேட்கிறேன்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்களே, பார்த்தீங்களா? 1913ல் கட்டிய கட்டடம், வெள்ளை வெளேரென்று இருக்கும். குப்பை வாருகிற வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று பதிமூன்று நாள் அந்த நடைபாதையில் கிடந்தார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. நகரத்தை வெள்ளையாக வைத்திருக்கிற கைகளுக்கு அந்த வெள்ளைக் கட்டடத்தின் வாசலில் உட்கார இடமில்லை.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: "அந்தக் கட்டடமெல்லாம் இடிஞ்சா இடியட்டுமே, நமக்கென்ன நட்டம்?" கோபம் நியாயமானது. ஆனால் அது இடிந்தால் நட்டம் நமக்குத்தான். முதலாளி பேர் காகிதத்தில் இருக்கு, அது அழியாது. வரைந்தவன் பேர் புத்தகத்தில் இருக்கு. எங்க ஆயா மாதிரி ஆட்கள் இடித்த தளம் மட்டும்தான் அவங்க எழுதின ஒரே எழுத்து. அது விழுந்தால் அவங்க இருந்ததற்கே சாட்சி கிடையாது. எதிரியின் சொத்து என்று நாம் கைவிட்டால், நம் உழைப்பை நாமே இரண்டாம் தடவை பறிகொடுக்கிறோம்.

ஆகவே மூன்று காரியம் சொல்கிறேன். ஒன்று, பாரம்பரியக் கட்டடம் என்று அறிவிக்கிற ஒவ்வொரு கட்டடத்திலும், கொத்தனார், சித்தாள், சுண்ணாம்புத் தொழிலாளிகளைக் குறிக்கிற கல்வெட்டு வைக்கக் கோரணும். பேர் தெரியவில்லை என்றால், "பேர் எழுதப்படவில்லை" என்று எழுது. அதுவும் ஒரு வரலாற்று உண்மைதானே. இரண்டு, பாரம்பரியப் பட்டியலில் நம் இடங்களும் ஏறணும். அயோத்திதாசருக்குக் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023 டிசம்பரில் மணிமண்டபம் திறந்தார்கள், வரவேற்போம். ஆனால் அவர் வாழ்ந்து இயங்கிய ராயப்பேட்டைத் தெருவிலும் ஓர் அடையாளம் வேணும். மூன்று, குடியிருந்த இடத்திலேயே வீடு என்கிற கோரிக்கையைப் பாரம்பரியக் கோரிக்கையோடு சேர்த்து எழுப்பணும். கட்டடத்தைக் காக்கிற சட்டம், கட்டியவனைக் காக்கவில்லை என்றால் பாதிச் சட்டம்தான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்துவிட்டு முடிக்கிறேன். உங்க ஊரில் கட்டட வேலைக்குப் போய் வந்த பெரியவர்கள் இருப்பார்கள். எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், என்ன வேலை, என்ன கூலி, மேஸ்திரி யார், யாருக்காவது கை கால் போனதா, என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதுங்க. அவங்க பேச்சு எப்படியோ அப்படியே எழுதுங்க, திருத்தாதீங்க. பெண்களிடம் முதலில் கேளுங்க, அவங்களைத்தான் யாரும் கேட்டதில்லை. எழுதினதை இந்த இதழுக்கு அனுப்புங்க. அடுத்த தடவை மவுண்ட் ரோட்டில் இறங்கும்போது அந்த நோட்டுப் பையில் இருக்கட்டும்.